பஞ்சநாதன் காயவைத்த ஹார்ட் டிஸ்க்

மரக்காணம் உப்பளத்தில் பஞ்சநாதனைப் போல வாயாடி இன்னொருத்தர் கிடையாது. பாத்தி மிதிக்கும்போது பேசுவார், உப்பு வாரும்போது பேசுவார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கிளாஸில் டீ ஆறி ஆடை கட்டும் வரைக்கும் பேசுவார். லாரியில் மூட்டை ஏற்ற வந்த வெளியூர்க்காரன்கூட அரைமணி நேரத்தில் அவருக்கு மச்சான் முறை ஆகிவிடுவான். அப்பேர்ப்பட்ட மனுஷன், பேசியே ஆகவேண்டிய ஒரே ஒரு நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஐம்பதை நெருங்கிய வயசு. கழுவெளி ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிற ஓடையை ஒட்டின குடியிருப்பில் இரண்டு அறை வீடு. மனைவி தெய்வநாயகி. ஒரே மகள் கலைமதி. பாத்திகள் முதலாளியுடையவை, ஆனால் பாத்தியின் குணம் தெரிந்தவர் பஞ்சநாதன்தான். உப்பளத்தில் ‘பூக்கிறது’ என்று ஒரு பேச்சு உண்டு. கட்டிவைத்த கடல்தண்ணீர் வெயிலில் சுண்டிச் சுண்டி, ஒரு கட்டத்தில் அதன் முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு எழும்பும். அதைத்தான் பூத்துடுச்சு என்பார்கள். மற்றவர்களுக்குப் பூத்தபிறகுதான் தெரியும். பஞ்சநாதன் வரப்பில் குந்தி உட்கார்ந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, “நாளைக்கு மத்தியானம் பூக்கும்டா” என்பார். மறுநாள் மத்தியானம் பூக்கும். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

கலைமதி பிளஸ் டூ முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஹார்டுவேர், நெட்வொர்க்கிங் டிப்ளமா சேர்ந்தாள். பொம்பளைப் பிள்ளை ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு அலைவதாவது என்று சொந்தக்காரர்கள் வாயைக் கோணினார்கள். பஞ்சநாதன் அதற்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னார். கோணின வாயெல்லாம் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டது.

படிப்பின் இரண்டாம் வருஷம், இரண்டாயிரத்து நாலில், வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வந்தது என்றால் முழுசாக வரவில்லை. கோட்டக்குப்பத்தில் சர்வீஸ் கடை வைத்திருந்த கஸ்பாரிடம் பழைய சாமானாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தாள். ஒரு வாரம் கேபினெட், அடுத்த வாரம் போர்டு, பொங்கல் கழித்து மானிட்டர் என்று பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் தரையில் பாயை விரித்துப் பரப்பி அவள் மாட்டுவதைப் பஞ்சநாதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பார். பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டு அவள் உயிரை எடுப்பார்.

“இது இன்னாம்மா, செங்கல்லு மாதிரி கனமா?”

“இதாம்பா ஹார்ட் டிஸ்க். மத்ததெல்லாம் போனா கடையில வாங்கிக்கலாம். இது போனா உள்ள இருக்கிறதெல்லாம் போச்சு. கையில இருந்து மட்டும் விட்டுடாத.”

பஞ்சநாதன் அதைத் தூக்கத்தில் இருக்கிற குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு அவருடைய பங்கும் ஒன்று உண்டு. கரண்ட் சரியாக எர்த் ஆகவில்லை என்றால் போர்டு போய்விடும் என்று சொல்லி, வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னாள். ஆளுயரக் குழி. அதில் பைப்பை நிறுத்திச் சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு போட்டு மூடவேண்டுமாம். உப்பு என்றதும் பஞ்சநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையால் வாரின உப்பிலிருந்து இரண்டு கூடை கொண்டுவந்து கொட்டினார். “பாத்தியா, உங்க காலேஜுக்கே எங்க உப்புதான் பாடம்” என்று டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு.

ஆனால் உப்புதான் அந்தப் பெட்டிக்கு எமனும்கூட. காத்திலேயே உப்பு ஏறி வருகிற ஊர் அது. மூன்று மாசத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் கத்த ஆரம்பிக்கும். திரையில் ஒன்றும் வராது. கலைமதி மூடியைக் கழற்றி, ரேம் என்கிற பச்சைத் தகட்டை உருவி, அதன் ஓரத்தில் இருக்கும் மஞ்சள் கோடுகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரப்பரால் அழுத்தித் தேய்ப்பாள். திரும்ப மாட்டினால் ஓடும். உப்பளத்துக் குடியிருப்பில் நாலு வீட்டிலும், கடலோரக் குப்பத்தில் பாரினிலிருந்து பணம் வருகிற மூன்று வீட்டிலும் கம்ப்யூட்டர் இருந்தது. எல்லாருக்கும் இவள்தான் டாக்டர். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி, நிலைப்படிக்கு மேலே உயரத்தில் ஒட்டிவிட்டாள். கேட்டு வருகிறவர்கள் பார்த்து எழுதிக்கொண்டு போகட்டும் என்று. ‘வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்’ என்று தலைப்பு. மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கை எடு. உள்ளே கைவைக்கும் முன் கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டுக் கைவை. இடி இடித்தால் மோடத்திலிருந்து போன் ஒயரைப் பிடுங்கு. சூடு ஆறாமல் துணி போட்டு மூடாதே. இப்படியாக ஒன்பது.

ஏழாவது மட்டும் பழைய வரியை அடித்துவிட்டுக் கடைசியாக எழுதினது. அந்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, கீபோர்டிலும் கேபினெட்டுக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிட்டது. தெய்வநாயகி, போச்சுடி எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டாள். கலைமதி அசரவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, உதறி, மழை விட்டதும் இரண்டு நாள் வெயில் காட்டினாள். மூன்றாம் நாள் ஸ்விட்சைப் போட்டதும் ஓடியது. பஞ்சநாதன் வாயைப் பிளந்துவிட்டார். அதற்குப்பிறகுதான் அந்த வரி: ‘தண்ணீர் பட்டால் ஸ்விட்ச் போடக் கூடாது. கழற்றி இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே போட வேண்டும்.’

டிசம்பர் இருபத்தைந்து, சனிக்கிழமை. அன்றைக்கு லீவு. கஸ்பார் கடையிலிருந்து கலைமதி ஒரு மைக் வாங்கி வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதில் சிவப்புப் பொட்டு ஒன்று. அதை அழுத்தினால் நாம் பேசுவது பதிவாகுமாம். அறுபது செகண்டு வரைக்கும்தான். அப்புறம் தானாக நின்றுவிடும். மைக்கை வாயருகில் பிடித்துக்கொண்டு பொட்டை அழுத்தினாள்.

“டெஸ்டிங், டெஸ்டிங். பேசுறது கலைமதி. பக்கத்துல குந்திக்கினு இருக்கிறது எங்க அப்பா பஞ்சநாதன், உப்பளத்து ராஜா. இப்ப அவரு பேசுவாரு. இந்தாப்பா, புடி.”

பஞ்சநாதன் மைக்கை வாங்கினார். கறுப்புக் கட்டத்துக்குள் பச்சைக் கோடு ஒன்று மகளின் பேச்சுக்குத் தகுந்தமாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. இவர் கைக்கு வந்ததும் அது நேர்கோடாகப் படுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோனது. எதைப் பேசுவது?

“பேசுப்பா. எதுனா பேசு. பேரையாவது சொல்லு. யம்மா, இங்க வந்து பாரேன், ஊரையே வாயால அளக்கிற மனுசன் மைக்கைப் பார்த்ததும் ஊமையாயிட்டாரு!”

சிரித்தாள். சிரிப்பு வந்துவிட்டால் அவளுக்கு அடங்காது. சிரிப்புக்கு நடுவே, “அப்பா, டைம் போவுதுப்பா, பத்து செகண்டுதான் இருக்குது, ஒரு வார்த்தை…” என்று சொல்லும்போதே அறுபது செகண்டு முடிந்தது.

பிறகு அதைத் திரும்பப் போட்டுக் காட்டினாள். தன் மகள் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்டுப் பஞ்சநாதன் சந்தோஷத்தில் தொடையைத் தட்டினார். “யம்மா, வந்து கேட்டுட்டுப் போயேன்!” என்று கலைமதி கூப்பிட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “இருடி, அது எங்க ஓடிடப் போவுது, நாளைக்குக் கேட்டுக்கிறேன்” என்றாள் தெய்வநாயகி.

“சரி, இது ஒரு ஃப்ளாப்பியில அடங்கிடும். திங்கக்கிழமை ஃப்ளாப்பி வாங்கியாந்து தனியா போட்டு வெச்சிடுறேன். அப்பா பேசின மொத கேசட்டு!” என்றாள் கலைமதி. பேசாத கேசட்டு என்று திருத்திவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குப்பத்துக்குக் கிளம்பினாள். கூடப் படித்த ரோஸ்லின் வீட்டில் புது மோடம் மாட்டவேண்டும். கிறிஸ்துமஸ் கேக் வைத்திருக்கிறேன் வா என்று அவள் கூப்பிட்டிருந்தாள். ரோஸ்லின் வீடு கரையிலிருந்து மூன்றாவது வீடு. தெய்வநாயகி மரக்காணம் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பஞ்சநாதன் ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து, முந்தின நாள் மைக் கதையை அஞ்சாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி ஒன்பதுக்குள் கடல் வந்துவிட்டது.

அன்றைக்கு நடந்ததை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் வேறு சொல்லவேண்டியதில்லை. ரோஸ்லின் ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். கலைமதி மூன்றாம் நாள் ஓடை முகத்தில் கிடைத்தாள். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் பஞ்சநாதன் தன் வீட்டைப் பார்க்க வந்தார். ஓடை வழியாக ஏறின தண்ணீர் இடுப்புயரம் நின்று வடிந்திருந்தது. நிலைப்படிக்கு மேலே தாள் மட்டும் அப்படியே ஒட்டியிருந்தது. ஒன்பது வரியும் அழியாமல் இருந்தன. அதற்குக் கீழே, சேற்றுக்குள் கம்ப்யூட்டர் சாய்ந்து கிடந்தது.

வீட்டில் ஒரு சாமானையும் தொட மனசில்லாதவருக்கு அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. உள்ளே அந்த ஒரு நிமிஷம் இருக்கிறது. அவள் போனாலும் அவள் குரல் இதற்குள்தான் இருக்கிறது. நிவாரண முகாமுக்கு ஓடினார். பாயில் சுருண்டு கிடந்த தெய்வநாயகியை எழுப்பி உட்கார வைத்தார்.

“நாயகி, அவ பேசினது அப்படியே உள்ளதான் இருக்குது. நீ கேட்கல இல்ல? நான் கேக்க வெக்கிறேன். நான் கேக்க வெக்கிறேன் பாரு.”

ஐந்து நாளாகத் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்காதவள் நிமிர்ந்து பார்த்தாள். “மெய்யாலுமா?” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகவே பஞ்சநாதன் அதை எப்படியாவது பிழைக்க வைத்தாகவேண்டும் என்று கிளம்பினார். தாளை அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார். மூடியைத் திறக்கும் முன் பிளக்கை எடு: ஊரிலேயே கரண்ட் இல்லை, இருந்தாலும் எடுத்தார். இரும்பைத் தொட்டுவிட்டுக் கைவை: தொட்டார். மகள் கழற்றியதைப் பார்த்த ஞாபகத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹார்ட் டிஸ்க்கை எடுத்து ஆட்டினார். ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. சேற்றைத் துணியால் துடைத்தார்.

பிறகு ஏழாவது வரி. கழற்றி இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும்.

வெயிலைப் பற்றிப் பஞ்சநாதனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். எந்த வரப்பில் காத்து நன்றாக அடிக்கும், எந்நேரம் வெயில் நேராக விழும் என்று முப்பது வருஷமாகத் தெரிந்தவர். சுத்தமான சாக்கை விரித்து அதன்மேல் வைத்தார். காலையில் ஒரு பக்கம், மத்தியானத்துக்கு மேல் மறு பக்கம். காக்கா வராமல் கூடவே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்ததும் வேட்டியில் சுற்றி முகாமுக்குக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். மகள் எழுதினது இரண்டு நாள். இவருக்கு இரண்டு நாள் போதவில்லை. துளி ஈரம்கூட இருக்கக்கூடாது என்று ஒன்பது நாள் காயவைத்தார்.

தெய்வநாயகி ஒவ்வொரு சாயங்காலமும் அதைத் தொட்டுப் பார்ப்பாள். “காஞ்சிடுச்சாங்க?” என்பாள்.

“இன்னும் ஒரு நாளு. நல்லாக் காயட்டும்.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பஸ் ஏறிக் கோட்டக்குப்பத்துக்குப் போனார். பையில் புது மஞ்சள் துணி சுற்றின ஹார்ட் டிஸ்க். கூட யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தெய்வநாயகி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்து, “கடையிலயே போட்டுக் கேட்டுடாதீங்க. இங்க வந்து சேர்ந்து கேப்போம்” என்றாள்.

கஸ்பார் முப்பத்தைந்து வயசு ஆள். பஞ்சநாதனைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பஞ்சநாதன் பையைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை இரண்டு கையாலும் கொடுத்தார்.

“இதுல அவ பேசின ஒரு நிமிசம் இருக்குதுப்பா. அது மட்டும் போதும். வேற ஒன்னும் வேணாம்.”

கஸ்பார் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்துச் சின்ன போர்டு பச்சைக் களிம்பு பூசினமாதிரி இருந்தது. அதே மாடலில் தன்னிடம் கிடந்த ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து போர்டைக் கழற்றி இதற்கு மாட்டினான். ஒயரைச் செருகினான். காதை வைத்துக் கேட்டான். மறுபடியும் கழற்றி மாட்டினான். மூன்றாம் தடவையும் காதை வைத்தான்.

“சுத்தவே மாட்டேங்குதுண்ணே.”

“நல்லாப் பாருப்பா.”

“உள்ள எதுவோ ஒட்டிக்கிச்சி. தண்ணி பட்டதும் இன்னா பண்ணீங்க?”

“அவ எழுதி வெச்சபடிதான் எல்லாம் பண்ணேன். ஸ்விட்ச் போடல. கழட்டி வெயில்ல வெச்சேன். ரெண்டு நாளுன்னு எழுதியிருந்தா, நான் ஒம்போது நாளு வெச்சேன். ஒரு பொட்டு ஈரம் இல்ல, வேணும்னா மோந்து பாரு.”

கஸ்பார் அவர் முகத்தைப் பார்த்தான்.

“தொறந்து காட்டு,” என்றார் பஞ்சநாதன்.

“தொறந்தா அவ்ளோதாண்ணே. தூசி பட்டாலே போயிடும்.”

“தொறப்பா. நான் பாக்கணும்.”

நட்சத்திர மூக்கு வைத்த ஸ்க்ரூ டிரைவரால் ஆறு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் தூக்கினான். உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒரு வட்டத் தட்டு. அதன்மேல் மெலிசாக ஒரு கை நீட்டி, நுனியைத் தட்டில் வைத்தபடி நின்றிருந்தது. தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பொட்டுகள். நுனியைச் சுற்றிக் கொஞ்சம் கெட்டியாகவே கட்டியிருந்தது. கஸ்பார் குச்சியால் லேசாக நெம்பினான். நுனி பெயர்ந்து வந்தது. அதோடு தட்டின் பளபளப்பும் ஒரு நகமளவு உரிந்துவந்தது.

கஸ்பார் என்ன ஏதென்று விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. முப்பது வருஷமாக இதைத்தானே அந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“பூத்துடுச்சு,” என்றார் பஞ்சநாதன்.

“இன்னாண்ணே?”

“உப்பு பூத்துடுச்சுப்பா.”

கஸ்பார் நல்லவன்தான். ஆனால் அந்த நேரத்தில் வாயைக் கட்டத் தெரியாதவன். “ஆமாண்ணே. மழைத்தண்ணின்னா காயவெக்கலாம். இது கடல்தண்ணியாச்சே. காய விட்டிருக்கவே கூடாது. நல்ல தண்ணியில அலசி, ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டு ஈரமாவே எடுத்தாந்திருந்தீங்கன்னா மெட்ராஸ்ல யார்கிட்டயாவது குடுத்துப் பார்த்திருக்கலாம். காஞ்சதுதான்…” என்று ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டான்.

கடல்தண்ணியைக் காயவைத்தால் என்ன வரும்? ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால்குடி மறந்த பிள்ளை சொல்லும். பஞ்சநாதன் வயிறு வளர்த்ததே அதில்தான். எந்நேரத்தில் பூக்கும் என்று நாக்கில் வைத்துச் சொன்ன அந்தப் பெரிய ஆள், தன் கையால் வரப்பில் வைத்து, வெயிலுக்குத் தகுந்தபடி திருப்பித் திருப்பி வைத்து, காக்கா ஓட்டிக் காவல் காத்து, மகள் குரலை உப்பாக்கியிருக்கிறார். அவள் படித்தவள், அவள் எழுதினது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். சரியாகத்தான் எழுதியிருந்தாள். அவள் எழுதினது மழைக்கு. கடலைப் பற்றித் தெரிந்தவர் அப்பா அல்லவா, அதை அவள் எதற்கு எழுதவேண்டும்?

அந்த ஒன்பது நாளில் ஒரு நாளாவது அவர் சாக்குக்குப் பதிலாகப் பக்கத்துப் பாத்தியில் சேற்றுமேல் வெளுத்திருந்த உப்பைத் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

கஸ்பார் மூடியை மாட்டித் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தான். பஸ்ஸில் பஞ்சநாதன் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பொம்மையார்பாளையம் தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எந்த ஊருக்குப் போறீங்க என்று கேட்டார். பஞ்சநாதன் பதில் சொல்லவில்லை. அவரை அறிந்த யாராவது அந்த பஸ்ஸில் இருந்திருந்தால் பயந்தே போயிருப்பார்கள்.

முகாம் வாசலிலேயே தெய்வநாயகி நின்றுகொண்டிருந்தாள். தலை வாரி, முகம் கழுவி, நல்ல புடவை கட்டியிருந்தாள். முகாமில் பக்கத்துக் கொட்டகையில் இருந்த பையனிடம் சொல்லி, கட்சி ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்க ஏற்பாடும் பண்ணிவைத்திருந்தாள்.

“இன்னாங்க, பேசறாளா?”

“பூத்துடுச்சு நாயகி.”

அவளும் உப்பளத்துக்காரி. பதினாறு வயசிலிருந்து தலையில் உப்புக் கூடை சுமந்தவள். இதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை அவளுக்கு. அவர் கையில் இருந்த பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. உள்ளே போய் நல்ல புடவையை அவிழ்த்து மடித்துவைத்துவிட்டுப் பழைய புடவையைக் கட்டிக்கொண்டாள். வாயால் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அந்த மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பாத்திகளில் மூடியிருந்த மண்ணை வாரிப் போடவே மாசக்கணக்கானது. இரண்டாயிரத்து அஞ்சு சித்திரையில்தான் மறுபடியும் தண்ணீர் கட்டினார்கள். பஞ்சநாதன் வேலைக்குப் போனார், வேறெங்கே போவார்? ஆனால் வரப்பில் குந்தி விரலை நனைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். எப்பண்ணே பூக்கும் என்று கேட்டால், தெரியாது என்பார். யாராவது பூத்துடுச்சு என்று சத்தம் போட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் போய் நிற்பார். டீக்கடைக்குப் போனாலும் டீயைச் சூடாகவே குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

வருஷத்தின் முதல் உப்பில் ஒரு படி வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே வழக்கம். அந்த வருஷமும் கொண்டுபோனார். தெய்வநாயகி வாங்கி, வாசலுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டாள். அடுப்படியில், கடையில் வாங்கின பாக்கெட் உப்பு இருந்தது. நாலா பக்கமும் உப்பு மலையாகக் குவிந்து கிடக்கிற ஊரில், உப்பு வாருகிறவன் வீட்டில் பாக்கெட் உப்பு. அதற்கப்புறம் அவருக்குத் தட்டில் போட்ட குழம்பெல்லாம் நாக்குக்கு ஒரே ருசியாகத்தான் இருந்தது.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. இரண்டாயிரத்து ஆறு பங்குனியில், நிவாரணத்துக்கு வந்த ஏதோ ஒரு சங்கம் குடியிருப்புக்கு இரண்டு கம்ப்யூட்டர் கொடுத்தது. இளைஞர் மன்றக் கட்டடத்தில் வைத்தார்கள். மன்றத்துச் செயலாளர் பக்கிரி, பஞ்சநாதனைத் தேடி வீட்டுக்கு வந்தான்.

“எர்த் குழிக்கு ரெண்டு கூடை உப்பு வேணும்ணே. அப்புறம், கலைமதி எழுதின அந்தத் தாளை ஒருக்கா பார்த்து எழுதிக்கிறோம்.”

பஞ்சநாதன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவரே குழி வெட்டினார். ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று மகள் சொன்னபடியே போட்டு மூடினார். பிறகு, பக்கிரி தாளைப் பார்த்து எழுதுவதற்குள் ஒன்பது வரியையும் மனப்பாடமாகச் சொன்னார். ஏழாவது வந்ததும் நிறுத்தினார்.

“மழைத்தண்ணின்னு போடு. கடல்தண்ணி பட்டா காயவெக்கக் கூடாது. ஈரமாவே எடுத்துட்டுப் போவணும். எழுதிக்கினியா?”

“சரிண்ணே.”

“எழுதிக்கினியான்னேன்?”

“எழுதிட்டேண்ணே,” என்றான் பக்கிரி. அவன் எழுதவில்லை. கடல் இனிமேல் எங்கே வரப்போகிறது என்கிற நினைப்பு.

பஞ்சநாதன் வீட்டுக்குத் திரும்பும்போது உச்சி வெயில். கையில் காலில் எல்லாம் கரி. தெய்வநாயகி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கழுவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். அவள் உள்ளே போகாமல் எதிரே உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காததை அன்றைக்குத்தான் கேட்டாள்.

“அதுல அவ இன்னாதாங்க பேசியிருந்தா?”

பஞ்சநாதனுக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. அப்படியே சொன்னார். “டெஸ்டிங், டெஸ்டிங்னா. பேசுறது கலைமதின்னா. பக்கத்துல குந்திக்கினு இருக்கிறது எங்க அப்பா, உப்பளத்து ராஜான்னா. இப்ப அவரு பேசுவாருன்னு சொல்லி மைக்கை எங்கிட்ட குடுத்தா.”

தெய்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “ம்.”

“பேசுப்பா, எதுனா பேசுன்னா. உன்னையும் கூப்பிட்டா. யம்மா, இங்க வந்து பாரேன்னா. சிரிச்சா. பத்து செகண்டுதான் இருக்குதுப்பா, ஒரு வார்த்தைன்னு கேட்டா.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

பஞ்சநாதன் தரையைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். ஊரையே வாயால் அளந்த புருஷன் மகளிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லித்தான் இருப்பான் என்று நம்பி, கொஞ்சம் முன்னால் சாய்ந்துகூட உட்கார்ந்தாள்.

“ஒன்னும் சொல்லல,” என்றார் பஞ்சநாதன். “அதுக்குள்ள டைம் முடிஞ்சிடுச்சு.”